பரணில் கிடந்த கற்காலம்

வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறதுன்னு முடிவாச்சு. பெயின்ட் அடிக்கணும்னா பரணைக் காலி பண்ணணும். பரணைக் காலி பண்ணினா ஒரு வேலையும் நடக்காது, உட்கார்ந்து ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்துக்கிட்டே இருப்போம். எல்லார் வீட்டுலயும் இதே கதைதானே? :)

அப்படிக் கிடைச்சதுதான் இந்த டிவிடி பெட்டிகள். 'ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ்', முதல் சில சீசன்கள். 2005-ல அமெரிக்காவுல இருந்து லீவுக்கு வந்த நண்பன் கொடுத்தது. அப்போ ஆசை ஆசையா பிளேயர்ல போட்டா, ஓட மாட்டேன்னுடுச்சு. அது ரீஜன் 1, நம்ம ஊரு ரீஜன் 5. ஒரே வட்டத் தகடு, ஆனா கடல் தாண்டினா குருடு. திட்டிக்கிட்டே பரண்ல ஏத்தினவன்தான், அப்புறம் மறந்தே போயிட்டேன். இப்போ பழைய டெஸ்க்டாப்புல விஎல்சி-ல போட்டேன், சொன்ன பேச்சைக் கேட்டு ஓடிச்சு. பக்கத்துல ஆறு வயசுப் பொண்ணு. பின்னாடி நின்னு, பெயின்ட் டப்பா என்னாச்சுன்னு கேட்டுக்கிட்டிருந்த தங்கமணி.

முதல் எபிசோடு ஆரம்பிச்சதுமே எனக்கு ஒரு குழப்பம். டைட்டில் பாட்டு இல்லை!

தொண்ணூறுகள்ல கார்ட்டூன் நெட்வொர்க் பார்த்தவங்களுக்குத் தெரியும். 1995-ல இந்தியாவுக்கு வந்த சேனல். சாயங்காலம் வரைக்கும் கார்ட்டூன், அப்புறம் அதே சேனல்ல டிஎன்டி-யோட பழைய எம்ஜிஎம் படங்கள். அந்தக் காலத்துல எங்க தெருவுல கேபிள் இருந்த ஒரே வீடு எதிர்வீடு. ஜன்னல் வழியாப் பார்த்த கூட்டத்துல நானும் ஒருத்தன். இங்கிலீஷ் ஒரு வார்த்தை புரியாது. ஆனா அந்தப் பாட்டும், காலால ஓட்டுற காரும், குடும்பமே சினிமாவுக்குப் போறதும் மனப்பாடம்.

டிவிடி-யில வர்றது வேற. பாட்டே கிடையாது, வெறும் வாத்திய இசை. ஃப்ரெட் மட்டும் தனியா வேலை முடிஞ்சு கார்ல ஊருக்குள்ள வர்றான். வீட்டுக்குள்ள நுழையறான். டிவி முன்னாடி உட்கார்றான். அவ்வளவுதான். குழந்தை கிடையாது, சினிமா கிடையாது. ஆபீஸ் முடிஞ்சு வந்து சோபாவுல விழுற ஒரு மனுஷன். இதைப் பார்த்ததும், 'இது நம்ம கதையாச்சே'ன்னு நெஞ்சுக்குள்ள ஒரு சின்ன இடி.

அப்புறம்தான் தோண்ட ஆரம்பிச்சேன். பெயின்ட் வேலை ரெண்டு நாள் தள்ளிப் போச்சு (மூணு நாள்னு வீட்டு அம்மணி திருத்தச் சொல்றாங்க).

விஷயம் இதுதான். அந்தப் பாட்டு வந்ததே 1962-ல, மூணாவது சீசன்ல. அதுக்கு முன்னாடி ரெண்டு சீசனுக்கு நான் டிவிடி-யில பார்த்த அந்த மௌனமான ஆரம்பம்தான். பாட்டோட மெட்டு மட்டும் காட்சிகளுக்கு நடுவுல பின்னணி இசையா அங்கங்க வரும். தொடர் முடிஞ்சு மறுஒளிபரப்புக்குப் போனப்போ, பழைய எபிசோடுகளோட ஆரம்பத்தையும் வெட்டிட்டு, பின்னால வந்த பாட்டையே எல்லாத்துக்கும் ஒட்டிட்டாங்க. எல்லாம் ஒரே மாதிரி இருந்தா விக்கிறதுக்குச் சுலபம் பாருங்க. டர்னர் கம்பெனி 1991-ல ஹன்னா-பார்பெரா ஸ்டூடியோவை வாங்கின பிறகு, தொண்ணூறுகள் நடுவுலதான் பழைய ஆரம்பங்களைத் தேடி ஒட்ட ஆரம்பிச்சாங்க. 2004-ல வந்த டிவிடி-யில அது வீட்டுக்கே வந்துடுச்சு. ஆக, நான் மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தது ரெண்டாம் கல்யாணத்து போட்டோ. முதல் கல்யாண ஆல்பம் இந்தப் பெட்டிக்குள்ள இருந்திருக்கு.

சரி, ஆரம்பத்துல இருந்து வருவோம்.

வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா. நம்ம 'டாம் அண்ட் ஜெர்ரி'யோட பெத்தவங்க. எம்ஜிஎம்-ல உட்கார்ந்து 1940-ல இருந்து ராஜா மாதிரி படம் எடுத்தவங்க, அதுக்காக 7 ஆஸ்கர். 1957-ல ஒரு போன் கால், ஸ்டூடியோவை மூடியாச்சு. காரணம் கேட்டா வயிறு எரியும். பழைய கார்ட்டூனையே திரும்பத் தியேட்டர்ல ஓட்டினா புதுசு சம்பாதிக்கிறதுல முக்கால்வாசிக்கு மேல வருதாம், அப்புறம் எதுக்குப் புதுசுன்னு கணக்குப்பிள்ளை கேட்டுட்டார். அவங்க வேலையை அவங்க படமே சாப்பிட்டுடுச்சு.

நடுவயசு தாண்டி வேலை போன ரெண்டு பேர். போக்கிடம் டிவி ஒண்ணுதான். ஆனா டிவி-யில காசு கிடையாது. டாம் அண்ட் ஜெர்ரி ஏழு நிமிஷத்துக்குச் செலவழிச்ச பணத்தோட ஒரு துண்டுதான் டிவி-யில கிடைக்கும். அதனால ஒரு வழி கண்டுபிடிச்சாங்க: வரையறதைக் குறை. வாய் மட்டும் அசையட்டும், உடம்பு சும்மா நிக்கட்டும். ஃப்ரெட் கழுத்துல ஒரு டை இருக்கே, கற்காலத்துல டை எதுக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? யோகி கரடிக்கும் காலர், டை உண்டு. கழுத்துல ஒரு கோடு இருந்தா தலையைத் தனியா வரைஞ்சு ஆட்டலாம், உடம்பைத் திரும்ப வரைய வேண்டாம், ஒட்டின இடமும் தெரியாது. அந்த டை ஃபேஷனே இல்லை, பட்ஜெட்!

டிவிடி-யில நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறதுல இதெல்லாம் பளிச்சுன்னு தெரியுது. ஃப்ரெட் வீட்டுக்குள்ள ஓடறான். பொண்ணு எண்ண ஆரம்பிச்சா. "அப்பா, அதே ஜன்னல். மறுபடி அதே ஜன்னல். அப்பா, அவங்க வீட்ல எத்தனை ஜன்னல்?" ஒரே பின்னணிப் படத்தைத் திரும்பத் திரும்ப இழுத்திருக்காங்க. அவ சந்தோஷமா பதினொண்ணு வரைக்கும் எண்ணினா. நான் அந்த வயசுல ஜன்னலுக்கு வெளியில நின்னதால எண்ணலை போல :)

படம் குறைஞ்சா எதை வெச்சு ஈடு கட்டறது? பேச்சை வெச்சு. அதனாலதான் இது குழந்தைங்களுக்கான ஓட்டம் துரத்தல் கதையா இல்லாம, பெரியவங்க பேசிக்கிற குடும்பக் கதையா ஆச்சு. முன்னோடியும் கண்ணுக்கு எதிர்லயே இருந்தது: ஜாக்கி கிளீசனோட 'ஹனிமூனர்ஸ்'. பஸ் டிரைவர் ரால்ஃப், சாக்கடை வேலை பார்க்கிற நண்பன் எட், புருஷனுக்குப் பதிலுக்குப் பதில் பேசுற பெண்டாட்டிங்க. அதைத் தூக்கிக் கற்காலத்துல போட்டா பெட்ராக். கிளீசன் கேஸ் போடலாமான்னு யோசிச்சாராம். ஆனா ஊர்ல எல்லாருக்கும் பிடிச்ச ஃப்ரெட்டை நிறுத்தின ஆளுன்னு பேர் வாங்கணுமான்னு விட்டுட்டார்னு சொல்வாங்க.

முதல்ல 'ஃப்ளாக்ஸ்டோன்ஸ்'னு பேர் வெச்சு ஒரு குட்டி மாதிரிப் படம் எடுத்தாங்க. ஏற்கெனவே ஒரு பத்திரிகைப் படக்கதைக் குடும்பத்துக்கு அதே மாதிரி பேர் இருந்ததால மாத்த வேண்டியதாப் போச்சு. பார்பெரா அந்தப் படங்களைத் தூக்கிக்கிட்டு நியூயார்க்ல வாரக்கணக்கா அலைஞ்சார். ஒவ்வொரு கம்பெனி ஆபீஸ்லயும் எல்லாக் கேரக்டருக்கும் தானே குரல் கொடுத்து நடிச்சுக் காட்டினார். பெரியவங்க ராத்திரி உட்கார்ந்து கார்ட்டூன் பார்ப்பாங்களான்னு எல்லாரும் சிரிச்சாங்க. கடைசியில ஏபிசி. மூணு பெரிய சேனல்ல கடைசி இடத்துல இருந்தவங்க, இழக்க ஒண்ணுமில்லை. 1960 செப்டம்பர் 30, வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டரை மணி. நியூயார்க் டைம்ஸ்ல ஜாக் கூல்ட் தாளிச்சுட்டார். ஜனங்க பார்த்தாங்க.

அந்த முதல் எபிசோட்டைப் பாருங்க. பார்னி ஒரு மிதி-ஹெலிகாப்டர் செய்யறான். பெண்டாட்டிங்க ஆபரா கச்சேரிக்குக் கூப்பிடறாங்க, இவங்களுக்கு பௌலிங் போகணும். உடம்பு சரியில்லைன்னு பொய் சொல்லிட்டு ஹெலிகாப்டர்ல எஸ்கேப். இதுல குழந்தைக்கு என்ன இருக்கு? என் பொண்ணு டைனோசர் எப்போ வரும்னு கேட்டுக்கிட்டே இருந்தா. பின்னாடி நின்ன தங்கமணி மட்டும் சிரிச்சாங்க. அது என்னைப் பார்த்துச் சிரிச்ச சிரிப்புங்கிறது வேற விஷயம்.

சிரிப்புன்னதும் ஞாபகம் வருது. பொண்ணு நடுவுல திடீர்னு கேட்டா: "யாருப்பா சிரிக்கிறாங்க?"

நான் வருஷக்கணக்கா கேட்ட சிரிப்பு, ஒரு தடவைகூட இந்தக் கேள்வி தோணலை. கார்ட்டூன்ல ஏது ஆடியன்ஸ்? அப்போ அமெரிக்கக் காமெடித் தொடர்ல எல்லாம் சிரிப்பு ஒலி கட்டாயம் மாதிரி. சார்லி டக்ளஸ்னு ஒரு ஒலிப் பொறியாளர், ஐம்பதுகள்ல ஒரு பெட்டி செஞ்சார். உள்ள நாடாவுல விதவிதமான சிரிப்பு. டைப்ரைட்டர் மாதிரி பொத்தானை அமுக்கினா கெக்கெக்கே, இன்னொண்ணு அமுக்கினா ஹாஹாஹா. யாரும் உள்ள பார்த்துடக் கூடாதுன்னு பூட்டுப் போட்டு வெச்சிருப்பாராம். கார்ட்டூனுக்கும் சிரிப்பை ஒட்டினதுக்குக் காரணம், இதையும் மனுஷங்க நடிக்கிற தொடர் மாதிரியே பெரியவங்க பார்க்கணும்னுதான். "முன்னாடி எப்பவோ சிரிச்சவங்கம்மா"ன்னு பொண்ணுகிட்ட சொன்னேன். "அவங்க இப்போ எங்க?"ன்னு அடுத்த கேள்வி. பிஸ்கட் வேணுமான்னு கேட்டுப் பேச்சை மாத்திட்டேன்.

பெரியவங்களுக்கான தொடர்ங்கிறதுக்கு இன்னும் ஆதாரம் வேணுமா? ஆரம்பத்துல படியளந்தவங்க யாருன்னு பாருங்க. வின்ஸ்டன் சிகரெட். ஃப்ரெட்டும் பார்னியும் வேலை செய்யற பெண்டாட்டிங்க கண்ணுல படாம வீட்டுக்குப் பின்னாடி போய் ஆளுக்கொரு சிகரெட் பத்த வைக்கிற விளம்பரம் யூட்யூப்ல கிடைக்குது. முதல் தடவை பார்த்தப்போ யாரோ விளையாட்டுக்குப் பண்ணின போலின்னு நினைச்சேன். நிஜம்! இன்னொரு ஸ்பான்சர் மைல்ஸ் லேபரட்டரீஸ், மாத்திரை கம்பெனி. வின்ஸ்டன் போன பிறகு திராட்சை ஜூஸ் விக்கிற வெல்ச்ஸ் வந்தது. அதே மைல்ஸ் 1968-ல ஃப்ரெட், பார்னி உருவத்துலயே குழந்தைங்க மென்னு திங்கிற வைட்டமின் மாத்திரை போட்டது. சிகரெட்ல இருந்து குழந்தை மாத்திரைக்கு எட்டே வருஷம். ஒரு தொடரோட ஜாதகம் மாறினதுக்கு இதைவிட சாட்சி வேணுமா?

இன்னொரு வேடிக்கை. இந்தத் தொடரை முதல்ல இருந்தே கலர்லதான் எடுத்தாங்க. ஆனா முதல் ரெண்டு சீசன் கறுப்பு வெள்ளையிலதான் ஒளிபரப்பாச்சு. ஏபிசி கலருக்கு வந்ததே 1962 இலையுதிர் காலத்துல, இதே ஆளுங்களோட 'ஜெட்சன்ஸ்' மூலமா. ஆக, ஃப்ரெட்டோட அந்த ஆரஞ்சுச் சட்டையை 1960-ல டிவி-யில பார்த்தவங்க யாரும் பார்க்கலை. பரண்ல கிடந்த தகடு எனக்குக் காட்டினது, அன்னிக்கு அமெரிக்காக்காரன் பார்த்ததைவிட வண்ணமான பெட்ராக்.

ரெண்டாவது சீசனுக்கு வந்தா இன்னொரு அதிர்ச்சி. பார்னியோட குரல் மாறிப் போச்சு. சில எபிசோடு கழிச்சுத் திரும்பப் பழைய குரல். முதல்ல டிஸ்க் தேஞ்சு போச்சுன்னே நினைச்சேன்.

காரணம் ஒரு விபத்து. பார்னிக்குக் குரல் கொடுத்தவர் மெல் பிளாங்க். பக்ஸ் பன்னி, டாஃபி டக் எல்லாம் அவர்தான். 1961 ஜனவரி 24 அன்னிக்கு லாஸ் ஏஞ்சலீஸ் சன்செட் பூலவார்டுல, வளைவுல, எதிர்ல வந்த கார் மோதிடுச்சு. மண்டை ஓட்டுல முறிவு, ரெண்டு காலும் போச்சு, ரெண்டு வாரத்துக்கும் மேல கோமா. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்த டாக்டர் கடைசியில, எப்படி இருக்கீங்க பக்ஸ் பன்னின்னு கேட்டாராம். பக்ஸ் பன்னி குரல்ல பதில் வந்ததாம். இதை பிளாங்க்கே பின்னாடி பல இடத்துல சொல்லியிருக்கார்.

அவர் இல்லாத நேரத்துல அஞ்சு எபிசோடுக்கு டாஸ் பட்லர் வந்து பேசினார். அந்த 'ஃப்ளாக்ஸ்டோன்ஸ்' மாதிரிப் படத்துல ஃப்ரெட், பார்னி ரெண்டு பேருக்கும் பேசினவர், யோகி கரடியும் அவர்தான். அப்புறம் பிளாங்க் திரும்பினார். ஆனா எந்திரிச்சு இல்லை. உடம்பு முழுக்க மாவுக்கட்டு, வீட்டுல படுக்கை, மேல மைக் தொங்குது, சுத்தி மத்த நடிகர்கள் நின்னு பேசறாங்க. அப்படிப் பதிவு பண்ணின பார்னி சிரிப்பைத்தான் நாம கேட்கிறோம். பாக்கி வெச்ச ஆள் மாதிரி சிரிக்கிற அந்தச் சிரிப்பு. இப்போ திரும்பக் கேட்டா, எந்த எபிசோடு கட்டுலில் படுத்துப் பேசினதுன்னு காதைத் தீட்டிக்கிட்டுத் தேடறேன். கண்டுபிடிக்க முடியலை. மனுஷன் விடலை.

'யாபா டாபா டூ' பத்தி ஒரு வரி. ஃப்ரெட்டுக்குக் குரல் கொடுத்த ஆலன் ரீட், ஸ்கிரிப்ட்ல 'யாஹூ'ன்னு இருந்ததை மாத்திக் கேட்டு வாங்கினது. அவங்க அம்மா அடிக்கடி சொன்ன பிரில்கிரீம் விளம்பர வாசகம்தான் மூலம்னு சொல்வாங்க. நம்ம அப்பாக்கள் தலையில தடவின அதே பிரில்கிரீம்!

அடுத்து பெபிள்ஸ். 1963 பிப்ரவரியில வில்மாவுக்குக் குழந்தை. முதல்ல ஆம்பளைப் பிள்ளைன்னுதான் எழுதியிருந்தாங்க. பொம்மை வியாபாரம் பார்க்கிற ஆள், பொண்ணுன்னாதான் பொம்மை விக்கும்னு சொன்னாராம். பார்பெரா அந்த இடத்துலயே, சரி பொண்ணுன்னுட்டாராம். உலகத்துலயே பொண்ணு பிறந்தா லாபம்னு சந்தோஷப்பட்ட வீடு அதுவாத்தான் இருக்கும்.

இதோட நிறுத்தியிருப்பேன். ஆனா பெட்டியில நாலாவது சீசனும் இருந்தது. 1963 அக்டோபர்ல வந்த எபிசோடு, பாம்-பாம் வர்ற கதை. சின்ன வயசுல எனக்குத் தெரிஞ்ச பாம்-பாம், தடியால தரையை அடிச்சு வீட்டையே ஆட்டுற குண்டுக் குழந்தை. அவ்வளவுதான். இங்கிலீஷ் புரியாததால அவன் எப்படி வந்தான்னு தெரியாது. பார்னிக்கும் பெட்டிக்கும் பிறந்ததுன்னே நினைச்சிருந்தேன்.

கதை என்னன்னா, பார்னிக்கும் பெட்டிக்கும் குழந்தை இல்லை. பக்கத்து வீட்டுல பெபிள்ஸ் வந்ததுல இருந்து ரெண்டு பேரும் அங்கேயே கிடக்கிறாங்க. தூக்கிக் கொஞ்சிக்கிட்டே இருக்காங்க. ஃப்ரெட்டுக்கு ஒரு கட்டத்துல எரிச்சல் வந்துடுது, வார்த்தையை விட்டுடறான். அவங்க தலையைக் குனிஞ்சு வீட்டுக்குப் போறாங்க. ராத்திரி ரெண்டு பேரும் வானத்துல விழுற நட்சத்திரத்தைப் பார்த்து வேண்டிக்கிறாங்க. மறுநாள் வாசல்ல ஒரு குழந்தை. தத்தெடுக்க கோர்ட் வரைக்கும் அலையறாங்க.

1963-ல, காலால கார் ஓட்டுற கார்ட்டூன்ல, குழந்தை இல்லாத தம்பதியோட கதை.

எங்களுக்குப் பொண்ணு பிறக்க எட்டு வருஷம் ஆச்சு. அந்த எட்டு வருஷத்துல எத்தனையோ காதுகுத்து, முதல் பிறந்தநாள். மடியில வாங்கின குழந்தையை யாராவது 'கொடுங்க, பால் குடிக்கணும்'னு திரும்ப வாங்கிக்கிற அந்த நொடி இருக்கே. வாங்கினவங்க மேல தப்பே இருக்காது. தங்கமணி ஒரு தடவை ஒரு வீட்டுல இருந்து பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சு வந்தது எனக்கு மட்டும் தெரியும்.

ஃப்ரெட் கத்தின சீன்ல திரும்பிப் பார்த்தேன். பின்னாடி நின்னுக்கிட்டிருந்தவங்க கீழ உட்கார்ந்திருந்தாங்க. யாரும் ஒண்ணும் பேசலை. பொண்ணு மட்டும், "அவன் ஏன்ப்பா திட்டறான்? பாப்பாவைக் கொஞ்ச நேரம் கொடுத்தா என்ன?"ன்னா.

எதிர்வீட்டு ஜன்னல்ல நின்னு இதே காட்சியைப் பார்த்திருப்பேன்தான். பெரியவங்க ஏதோ சண்டை போடறாங்க, எப்போ டைனோசர் வரும்னு காத்திருந்திருப்பேன்.

1966 ஏப்ரல் 1-ல தொடர் முடிஞ்சது, மொத்தம் 166 எபிசோடு. சிம்ப்சன்ஸ் 1997-ல தாண்டுற வரைக்கும் ராத்திரி நேரக் கார்ட்டூன்ல இதுதான் சாதனை. 1967-ல என்பிசி மறுஒளிபரப்பை சனிக்கிழமை காலைக்குக் கொண்டு போச்சு, அதாவது அப்பா அம்மா தூங்கற நேரம், குழந்தைங்க மட்டும் டிவி முன்னாடி இருக்கிற நேரம். அங்க உட்கார்ந்ததுதான், அதுக்கப்புறம் இது குழந்தைங்க சமாசாரம்னு முத்திரை குத்தியாச்சு. நம்ம ஊருக்கு வந்ததும் அந்த முத்திரையோடதான். 2020-ல மொத்தத் தொடரும் புளூ-ரேயில வந்திருக்கு, இன்னும் பளபளன்னு இருக்குமாம். எனக்கு இந்தக் கீறல் விழுந்த தகடு போதும். மூணாவது சீசன்ல ஒரு டிஸ்க் மட்டும் நடுவுல நின்னு நின்னு போகுது, அரிசி மாவு தடவித் துடைச்சா சரியாகும்னு ஒருத்தர் சொன்னார். யாராவது முயற்சி பண்ணியிருக்கீங்களா?

பெயின்டர் நாளைக்கு வர்றார். பரண் இன்னும் பாதிதான் காலி. பெட்டியை மட்டும் மேல ஏத்தலை. டிவி-க்குப் பக்கத்துல தங்கமணியே எடுத்து வெச்சுட்டாங்க.